அப்பா அணைத்துவைத்த கம்ப்யூட்டர்

சிதம்பரம்
11.6.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். அப்பாவும் சுகம்தான். அதாவது சாப்பிடுகிறார், தூங்குகிறார். அவர் இங்கே வந்து இரண்டு வாரம் ஆகிறது. இதுவரை நீ ஒரு தடவைகூட "அப்பா எப்ப வராரு" என்று கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்து நாற்காலியில்தான் அப்பா பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். செல்போன் ஒன்றே ஒன்று, அதுவும் காலையில் உன் மச்சானோடு மருந்துக்கடைக்குப் போய்விடும். நீ பதில் எழுதினால் என் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுது.

அவர் வந்த அன்றைக்கு மதியம் நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்து நின்றது. அப்பா ஒரே ஒரு பையோடு இறங்கினார். "பஸ் ஸ்டாண்டுல கூட்டம் ஜாஸ்தி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அம்மா போன பிறகு உன் வீட்டில் இருக்கும் இந்த மூன்று வருடத்தில் அவர் எனக்கு முன்னாடியே சொல்லாமல் இங்கே கிளம்பி வந்ததில்லை.

"அண்ணிகூட ஏதாவது மனத்தாங்கலாப்பா?" என்று கேட்டேன்.

"சேச்சே, காயத்ரி தங்கமான பொண்ணு."

"அப்ப அண்ணனா?"

பையிலிருந்த வேட்டியை எடுத்து உதறி மடித்தார். பிறகு, "அவன் நல்லவந்தாம்மா. அவன ஒண்ணும் கேக்காத" என்றார். கேட்காதே என்று சொன்னதால்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் தினமும் செஸ் ஆடுவாரே, பொழுது போகட்டும் என்று பக்கத்துத் தெரு நெட் சென்டருக்குப் போய்வரச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "அந்த மெஷினே வேணாம்மா" என்றார். அங்கே என்ன நடந்தது?

உன் தங்கை,
எழிலரசி


கடலூர்
17.6.2007

அன்புள்ள எழிலுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ நினைப்பது மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. வெயில் தாங்கவில்லை, மின்வாரியத்தில் எனக்கும் ஓய்வே இல்லை. காற்றடித்தால் கம்பி அறுகிறது, எந்த நேரமும் போன். காயத்ரியும் வேலைக்குப் போய்விடுகிறாள். அப்பாவுக்கு இங்கே பகலெல்லாம் தனிமை. உன்னோடு கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று நாங்களும் தடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது. அதனால் செஸ் நின்றுபோன வருத்தமாக இருக்கும்.

அவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்திருக்கும். மணவாளன் மச்சானிடம் சொல்லிக் கடையிலிருந்து எடுத்துவரச் சொல்.

எழில், இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கயலுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது இல்லையா? பெண் பிள்ளை. நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனபிறகு அவளை வீட்டில் விட்டுவைக்காதே. பொதுவாகச் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

அன்புடன்,
செந்தமிழ்செல்வன்


சிதம்பரம்
20.6.2007

அண்ணா,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை டீச்சர்கள் அறையில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். நாங்கள் வேலைக்குப் போனால் வீட்டில் இருப்பது அப்பா ஒருவர்தான். யாரிடமிருந்து என் மகளைத் தள்ளிவைக்கச் சொல்கிறாய்?

பொதுவாகச் சொன்னேன் என்று மறுபடி எழுதாதே. தெளிவாக எழுது. இல்லையென்றால் வருகிற முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் கடலூருக்கு வந்து அண்ணியிடமே கேட்பேன்.

எழிலரசி


கடலூர்
25.6.2007

எழில்,

வராதே. எழுதிவிடுகிறேன். படித்ததும் கிழித்துவிடு. மச்சானுக்குத் தெரியவேண்டாம்.

மே மாதம் லீவில் ஒரு நாள் பொன்னி என்னைக் கூப்பிட்டாள். "அப்பா, இந்த அக்கா ஏன் டிரெஸ் போடல?" என்றாள். கூடத்தில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருந்த படத்தை என்னால் எழுத முடியாது. மூடினேன், இன்னொன்று வந்தது. அதை மூடினால் அதைவிட மோசமாக ஒன்று. ஏழு வயதுப் பிள்ளையின் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

பகலில் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஆள் வீட்டில் ஒருவர்தான். முதலில் நானும் நம்பவில்லை. பிறகு கவனித்தேன். முன்பெல்லாம் அரை மணி நேரம் ஆடுவார். அந்த மாதத்தில் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்கு வந்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அவசரமாக எழுந்து, சுவரில் இருக்கிற சுவிட்சையே அணைத்துவிட்டார். "கரண்ட் கட்டுப்பா" என்றார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

காயத்ரியிடம் சொன்னேன். "மாமா அப்படிப்பட்டவரு இல்லீங்க. நீங்க வாய வெச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்று அழுதாள். நான் கேட்கவில்லை. பொன்னியைப் பகலில் பக்கத்து வீட்டு மாரியம்மாள் அக்காவிடம் விட்டேன். கம்ப்யூட்டரை எங்கள் அறைக்கு எடுத்துப்போய் பாஸ்வேர்டு போட்டேன். "ரிப்பேராப்பா?" என்று அப்பா கேட்டார். "ஆமாம்ப்பா" என்றேன். இரண்டு நாள் கழித்து, எழிலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையை எடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏற்றிவிட்டேன்.

அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை எழில். எப்படிக் கேட்பது? அவர் நம்மை வளர்த்தவர். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் பிறகு அவரும் நானும் எப்படி ஒரே தட்டில் முறுக்கு எடுத்துச் சாப்பிடுவது?

செல்வன்


சிதம்பரம்
2.7.2007

அண்ணா,

கிழித்துவிட்டேன். கிழித்து என்ன பயன், ஒவ்வொரு வரியும் ஞாபகம் இருக்கிறது.

முதலில் உன்மேல் கோபம் வந்தது. சேத்தியாத்தோப்பு பதிவு ஆபீசில் அப்பா வேலைபார்த்த காலத்தில் அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை கேட்டதில்லை நாம். அவரைப் பற்றி இப்படி எழுத உனக்குக் கை எப்படி வந்தது என்று நினைத்தேன். அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனேன். அப்பா கயலைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கை அவள் தோள்மேல் இருந்தது. தினமும் இருக்கிற கைதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கயலு, இங்க வா, வெங்காயம் உரி" என்று கூப்பிட்டேன். அவளுக்கு வெங்காயம் உரிக்கத் தெரியாது.

அன்றிலிருந்து அவளை எங்கள் அறையில் படுக்கவைக்கிறேன். தாத்தாவோடு சாயந்திரம் நடக்கப் போவாள், அதையும் நிறுத்திவிட்டேன். வீட்டுப்பாடம் ஜாஸ்தி என்று இவரிடம் சொன்னேன். அப்பா தனியாகப் போய்விட்டு அவளுக்கு வேர்க்கடலை வாங்கிவருகிறார். பொட்டலத்தை அவள் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார். அவருக்கு ஏதோ புரிகிறதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா தெரியவில்லை.

நான் நம்பவில்லை அண்ணா. நம்பாமலே இதையெல்லாம் செய்கிறேன். எது பெரிய பாவம் என்று நீயே சொல். நீ இதை எனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம். நான்தான் வற்புறுத்திக் கேட்டேன் என்பதும் தெரிகிறது.

எழில்


கடலூர்
22.7.2007

அன்புள்ள எழில்,

இந்தக் கடிதத்தை இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

அப்பா போன பிறகும் அந்தப் படங்கள் நிற்கவில்லை. பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர் எங்கள் அறையில் இருக்கிறது. ஆனாலும் நெட்டை இணைத்ததும் வருகின்றன. முதல் தடவை வந்தபோது பழைய மிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டே ஜூன் மாதத்தை ஓட்டினேன். உனக்கு அந்தக் கடிதத்தை எழுதிய நாளில்கூட வந்தது. எழுதாமல் மறைத்தேன். அப்பாமேல் பழி இருந்தால்தான் நான் செய்தது சரியாகும் என்று உள்ளே ஏதோ ஒன்று பிடிவாதமாக இருந்திருக்கிறது.

ஆபீசில் ராஜாமணி என்று ஒருவர் என்னோடு வேலைபார்க்கிறார். டீ குடிக்கும்போது அவரே பேச்சை எடுத்தார். "எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல ஒரே அசிங்கம் சார். வைரஸ் இருக்கு, இலவசமா சுத்தம் பண்றேன்னு ஸ்கிரீன்ல ஒரு பெட்டி வந்துச்சு. அமுக்கினேன். சுத்தம் பண்ண வந்ததே அந்தக் குப்பையெல்லாம் கொண்டாந்து கொட்டிடுச்சு" என்றார்.

"வீட்டுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவாங்க? எங்க அம்மா கண்ண மூடிக்கிட்டு, ஏன்டா இந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு துணிகூடவா கெடைக்கலன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம்."

அவர்கள் சிரித்திருக்கிறார்கள் எழில்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். வைரஸ் தடுப்புக்கு நான் போட்டிருந்த சாஃப்ட்வேருக்கு ஏப்ரலில் ஒரு வருடம் முடிந்தது. புதுப்பிக்கக் கடைக்குப் போகச் சோம்பல். அந்த வாரத்தில் திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது, கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, இலவசமாகக் காப்பாற்ற இங்கே அழுத்து என்று. அழுத்தியது நான். திரை மூலையில் கேடயம் மாதிரி ஒரு சின்னம் வந்து உட்கார்ந்தது. "இனிமே பயமில்ல" என்று அப்பாவிடமே காட்டினேன். அந்தக் கேடயம்தான் திருடன். அதைப் போட்ட பிறகுதான் எல்லாம் ஆரம்பித்திருக்கிறது.

அதைத் தெரிந்துகொண்ட மறுநாளே நான் சிதம்பரத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. திருப்பாப்புலியூரில் ஆரோக்கியராஜ் என்பவரின் கம்ப்யூட்டர் கடைக்குத் தினமும் போனேன். மூன்று கம்பெனியின் சாஃப்ட்வேர் வைத்திருந்தார். ஒன்று போட்டால் கம்ப்யூட்டர் மெதுவாகிவிடுமாம். ஒன்றுக்குத் தினமும் நெட் வழியாகப் புது விவரம் இறக்க வேண்டுமாம். எது நல்லது என்று பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன், பத்திரிகைகளில் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டைச் சேர்த்துப் போட்டால் இன்னும் பாதுகாப்பு இல்லையா என்று கேட்டேன். "கூடாது சார். ஒண்ண ஒண்ணு வைரஸுன்னு நெனச்சி சண்ட போட்டுக்கும்" என்றார். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டு, தினமும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதை வாங்கிப் போட்டேன். கம்ப்யூட்டருக்குள் நுழையப் பொன்னிக்கும் அப்பாவுக்கும் தனித்தனிக் கணக்கு. தெரியாத எதையும் அவர்கள் அழுத்தினாலும் உள்ளே ஏறாது. ஒரு கம்ப்யூட்டரைக் காப்பாற்ற எத்தனை அக்கறை பார்.

காயத்ரியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "இப்பவாவது போயி கூட்டிக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அப்பாவிடம் என்ன சொல்லிக் கூப்பிடுவது? நான் அவரை எதுவும் சொல்லவே இல்லையே. சொல்லாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? கயலை மறுபடி அவரோடு அனுப்பு. உன் வீட்டில் நடந்ததற்கும் நான்தான் காரணம்.

செல்வன்


சிதம்பரம்
28.7.2007

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பாடம் நடத்த வரவில்லை. பிள்ளைகளைப் புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கயலைக் கூப்பிட்டு, "தாத்தாகூட நடந்துட்டு வா" என்றேன். "ஹோம்வொர்க்?" என்றாள். "அப்புறம் எழுதலாம்." ஓடிப்போனாள். அவர்கள் திரும்பி வந்தபிறகு நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. "ஏம்ப்பா அங்கேருந்து வந்துட்டீங்க? எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றேன். ரொம்ப நேரம் கேட்டபிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ உட்கார்ந்துகொண்டு படி.

"உங்க அண்ணன தப்பா நெனைக்கமாட்டன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

"அந்த கம்ப்யூட்டர்ல கெட்ட படமெல்லாம் வந்துச்சும்மா. செஸ்ஸு போட்டா குறுக்க வந்து நிக்கும். காயத்ரியா பாக்கப்போவுது? அவந்தான். வயசுப் பையன், வேல தொல்ல ஜாஸ்தி, ஏதோ புத்தி போயிருக்கு. நான் போயி அவன கேக்க முடியுமா? பொன்னி கண்ணுலயும் காயத்ரி கண்ணுலயும் பட்டுட்டா குடும்பம் என்னாவறதுன்னு, அவுங்க பக்கத்துல வரதுக்குள்ள ஒவ்வொண்ணா மூடுவேன். மூட மூட வரும். ஒரு நாளு அவனே வந்துட்டான். நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா கூசிப்போயிடுவானேன்னு சுவிட்ச அமத்திட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவனே மெஷின ரூமுக்குள்ள எடுத்துக்கிட்டுப் போயிட்டான். என் மூஞ்ச பாக்கமாட்டேங்கறான். எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு அவனுக்குத் தெரிஞ்சிடுச்சி. அப்பன் கண்ணெதிர்ல இருந்தா பையனுக்கு எவ்வளவு கஷ்டம்? அதான் கொஞ்ச நாளு தள்ளியிருப்போம்னு வந்தேன்."

இவ்வளவுதான் அண்ணா. நீ அவரைச் சந்தேகப்பட்டு விரட்டினாய். அவர் உன்னைச் சந்தேகப்பட்டு, உன் மானம் போகக்கூடாது என்று தானாக விலகி வந்திருக்கிறார். இரண்டு மாதமாக என்னிடம்கூட வாய் திறக்காமல் "அவன் நல்லவந்தாம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ அவரைச் சந்தேகப்பட்டது அவருக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வைரஸ் என்று மட்டும் சொன்னால் போதும், சந்தோஷமாகக் கிளம்பி வந்துவிடுவார். மீதியைச் சொல்வதும் சொல்லாததும் உன் பொறுப்பு. நான் சொல்லமாட்டேன். சொல்லப்போனால் என்னுடையதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கும்.

எழில்


கடலூர்
8.8.2007

எழில்,

ஞாயிற்றுக்கிழமை நான் வந்துபோனதிலிருந்து உன் முகம்தான் ஞாபகத்தில் இருக்கிறது. வாசலில் நின்று "என்ன ஆச்சு?" என்று கண்ணாலேயே கேட்டாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

அப்பாவும் நானும் கீழ வீதியில் நடந்தோம். பஸ் ஏறும்போது முடிவு செய்திருந்தேன், வைரஸ் கதையோடு நிறுத்திக்கொள்வது என்று. மீதியைச் சொல்லி அந்த வயதில் அவரை ஏன் நோகடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அது அவருக்காக நினைத்ததா எனக்காக நினைத்ததா என்று இப்போது தெரிகிறது.

கேடயம், படங்கள், புதிதாகப் போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் சொன்னேன். அப்பா நடுரோட்டில் நின்றுவிட்டார். ஒரு சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

"அப்ப அது நீ இல்லியா?"

"இல்லப்பா."

"யாருமே இல்லியா?"

"யாருமே இல்லப்பா. மெஷின்தான்."

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்ன போயி தப்பா நெனச்சிட்டேன்டா. அப்பாவ மன்னிச்சிக்க" என்றார். தெருவில், அத்தனை பேர் போகிற இடத்தில், யோசிக்காமல் கேட்டுவிட்டார் எழில். எனக்கு இரண்டு மாதமாக வராத வார்த்தை.

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. "நானும்ப்பா" என்றேன்.

"நீயும் என்னா?"

"நான் உங்களத்தான் நெனச்சேன்."

முதலில் புரியவில்லை அவருக்கு. சிரிக்கக்கூடச் செய்தார். அந்தச் சிரிப்பு மெதுவாக நின்றது. கையை விட்டுவிட்டார், கோபமாக இல்லை, மறந்துபோன மாதிரி. ஒரு பூக்கடையைத் தாண்டி நடந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பொன்னிய மாரியம்மா வீட்டுல விட்டது அதுக்காகவா?"

"ஆமாம்ப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல? அந்தத் தெருவிலேயே காலில் விழுந்தேன். "எழுந்திரு, ஜனங்க பாக்கறாங்க" என்று தூக்கிவிட்டார். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். "கெளம்பு. நான் அப்புறமா வரேன்" என்றார். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொன்னது சரியா தவறா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் எப்படி இருக்கிறார்? மறைக்காமல் எழுது.

செல்வன்


சிதம்பரம்
24.8.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

மறைக்காமல் எழுதச் சொன்னாய். அதனால் நல்லதை முதலில் எழுதுகிறேன். ஒன்றாம் தேதி சனிக்கிழமை அப்பா கடலூர் வருகிறார். நான் சொல்லவில்லை, அவரே முடிவு செய்தார். அண்ணி தினமும் போனில் கூப்பிட்டதும் ஒரு காரணம். பொன்னிக்குப் பாவாடைத் துணி எடுத்துவைத்திருக்கிறார். உன்மேல் கோபம் இல்லை. "அவன் ஒளிக்காம சொன்னான்ல, அது போதும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

நீ வந்துபோன அன்று சாயந்திரம் என்னைக் கேட்டார், "ஒனக்கும் சொன்னானா?" என்று. சொன்னான் என்றேன். "நீ நம்பினியா?" என்றார். நம்பவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கயல உங்ககிட்டேருந்து தள்ளி வெச்சேம்ப்பா" என்றேன். தலையாட்டினார். "பொண்ணப் பெத்தவ, அப்படித்தான் செய்யணும்" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. நான்தான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

மற்றபடி முன்பு மாதிரியே இருக்கிறார். சாப்பிடுகிறார், பேப்பர் படிக்கிறார், இவரோடு கிரிக்கெட் பேசுகிறார். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எனக்குத் தெரிகிறது. அங்கே வந்தபிறகு உனக்கும் தெரியும். தெரிந்தாலும் அவரைக் கேட்காதே, தடுக்காதே. கேட்டால் அவருக்கு இன்னும் கஷ்டம்.

கயலுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போது, முதலில் எழுந்துபோய் அறைக்கதவை நன்றாகத் திறந்துவைக்கிறார். அது மறுபடி சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுக்கிறார். பிறகு, அடுப்படியிலிருந்து எனக்குத் தெரிகிற மாதிரி நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்காருகிறார்.

"ஏன் தாத்தா?" என்று கயல் கேட்டாள்.

"காத்து வரட்டும்மா" என்றார்.

உன் தங்கை,
எழிலரசி